ஷாஃப்ட்ஸ்பரி பிரபு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபு?

ஆந்தனி ஆஷ்லி கூப்பர். ஷாஃப்ட்ஸ்பரியின் 7ஆவது எர்ல் (எர்ல் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒரு பிரபுப் பட்டம்). 1801 ஏப்ரல் 28 அன்று லண்டனில் பிறந்து, 1885 அக்டோபர் 1 அன்று ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டார்செட் மாவட்டத்தில் அவருடைய குடும்பத்துக்குச் சுமார் 17,000 ஏக்கர் நிலம் இருந்தது. 1826 முதல் 1851 வரை, இடையில் ஒன்றரை ஆண்டு நீங்கலாக, நாடாளுமன்றத்தில் தேர்தல் மூலம் நிரம்பும் காமன்ஸ் சபையின் உறுப்பினர். தந்தை இறந்ததும் பட்டம் அவருக்கு வந்தது. அதன்பின் கடைசிவரை பிரபுக்கள் சபையில் இருந்தார்.

ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த குழந்தைகளுக்காகச் சட்டம் கேட்டுப் போராடியவர் என்றுதான் பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. அது உண்மை. ஆனால் அவர் ஒரு பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் வாரிசு என்பதும், அந்த நிலத்தில் உழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் அதே கதையின் பாதி. இரண்டையும் ஒன்றாகப் படித்தால்தான் மனிதர் புரிவார் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் அந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன.

சில இடங்களில் "ஆஷ்லி பிரபு" என்று வருகிறதே, அது வேறு ஆளா?

அதே ஆள்தான். 1811இல் தந்தை எர்ல் ஆனார். மூத்த மகன் என்ற முறையில் அப்போதிலிருந்து 1851 வரை இவர் ஆஷ்லி பிரபு என்று அழைக்கப்பட்டார். அது மரியாதைக்காக வழங்கும் பட்டம்தான். அதனால்தான் "பிரபு" ஆகியும் தேர்தலில் நின்று காமன்ஸ் சபையில் உட்கார முடிந்தது. ஆலைச் சட்டம், சுரங்கச் சட்டம் என்று அவர் பெயர் பெற்ற போராட்டங்களில் பெரும்பாலானவை ஆஷ்லியாக இருந்த காலத்தில் நடந்தவை.

இவ்வளவு வசதியான வீட்டுப் பிள்ளை ஏழைகள் பக்கம் எப்படி வந்தார்?

வசதி இருந்ததே தவிர பாசம் இல்லை. பெற்றோர் இருவரும் பிள்ளைகளிடம் கடுமையாக நடந்துகொண்டார்கள். வீட்டில் அவருக்கு அன்பு காட்டியவர் மரியா மில்லிஸ் என்ற பணிப்பெண். ஜெபம் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆஷ்லி சிறுவனாக இருந்தபோதே அந்த அம்மா இறந்துவிட்டார். தன் தங்கக் கடிகாரத்தை ஆஷ்லிக்கு விட்டுச் சென்றார். ஷாஃப்ட்ஸ்பரி வயதான பிறகும் வேறு கடிகாரம் கட்டவில்லை. உலகில் எனக்கு வாய்த்த மிக நல்ல தோழி கொடுத்தது இது என்று அதைக் காட்டிச் சொல்வாராம்.

இன்னொரு நிகழ்ச்சி ஹாரோ பள்ளியில் படிக்கும்போது நடந்தது. ஓர் ஏழையின் சவப்பெட்டியைக் குடிபோதையில் இருந்த சிலர் பாட்டுப் பாடிக்கொண்டு தூக்கி வந்து, தள்ளாடிக் கீழே போட்டுவிட்டார்கள். கூட வந்து அழ ஒருவர்கூட இல்லை. ஏழை என்பதற்காக ஒரு மனிதனை இப்படியா அனுப்புவது என்று அந்தச் சிறுவன் வெட்கமும் கோபமும் கொண்டான். அந்த இடத்தில் இன்றும் அதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது.

இவற்றோடு சேர்ந்தது அவருடைய மதநம்பிக்கை. அவர் தீவிர சுவிசேஷ கிறிஸ்தவர். தான் செய்த எல்லா வேலைக்கும் கடவுளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார்.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

அன்றைய வழக்கப்படி, சொந்தபந்தம் மூலமாக. தாயார் மார்ல்பரோ டியூக்கின் மகள். அந்தக் குடும்பத்தின் கைக்குள் இருந்த உட்ஸ்டாக் தொகுதியில் 1826இல் உறுப்பினர் ஆனார். 1831இல் டார்செட் மாவட்டத் தொகுதி இடைத்தேர்தலில் நின்று வென்றார். அந்த ஒரு தேர்தலுக்கு ஆன செலவு 15,000 பவுண்டுக்கு மேல். அந்தக் கடன் அவரை வெகுநாள் துரத்தியது. அவருடைய வாழ்க்கையில் பணக்கஷ்டம் தொடங்கிய இடம் இது.

முதலில் கையில் எடுத்த பிரச்சினை ஆலைகளா?

இல்லை, மனநோயாளிகள். 1827இல் லண்டன் சுற்றுவட்டாரத்துத் தனியார் காப்பகங்களை விசாரித்த நாடாளுமன்றக் குழுவில் இருந்தார். நோயாளிகளை வைக்கோலில் சங்கிலியால் கட்டிப்போட்டு, சனிக்கிழமை மாலை முதல் திங்கள் காலை வரை அப்படியே விட்டுவைப்பார்கள் என்று அங்கே தெரியவந்தது. அடுத்த ஆண்டே காப்பகங்களின் மேற்பார்வை ஆணையர் ஆனார். 1834 முதல் இறக்கும்வரை, அதாவது அரை நூற்றாண்டு, அந்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். சம்பளம் இல்லாத வேலை, ஓட்டு வாங்கித் தராத வேலை. என்னைக் கேட்டால் அவர் செய்தவற்றிலேயே பெரியது இதுதான். ஆனால் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

பத்து மணி நேரச் சட்டம் என்றால் என்ன?

பஞ்சாலைகளில் பெண்களும் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற கோரிக்கை. பெண்களும் சிறுவர்களும் இல்லாமல் இயந்திரங்களை ஓட்ட முடியாது என்பதால், அது வந்தால் ஆண்களின் நேரமும் தானாகக் குறையும் என்று தொழிலாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

இந்த மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்த மைக்கேல் சாட்லர் 1832 தேர்தலில் தோற்றுவிட்டார். பஞ்சாலைகள் நிறைந்த வட இங்கிலாந்திலிருந்து தொழிலாளர்கள் சார்பில் ஜார்ஜ் புல் என்ற பாதிரியார் லண்டனுக்கு வந்து ஆள் தேடினார். ஆஷ்லி அதுவரை ஓர் ஆலைக்குள்கூடப் போனதில்லை. சில மணி நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

1833இல் அரசு அவருடைய மசோதாவை ஓரங்கட்டித் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டாலைகள் நீங்கலாக ஜவுளி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழ் வேலை கிடையாது. 13 வயது வரை வாரம் 48 மணி. 13 முதல் 18 வரை நாளுக்கு 12 மணி. கண்காணிக்க நாடு முழுக்க நான்கே ஆய்வாளர்கள். குறைகள் இருந்தாலும் அந்த ஆய்வாளர்கள் வந்தது பெரிய மாற்றம். அதற்கு முந்தைய சட்டங்களுக்குக் காவல் காக்க அப்படி யாரும் இருந்ததில்லை.

1844 மார்ச்சில் பத்து மணி நேரத்துக்கான அவருடைய திருத்தம் சபையில் ஜெயித்தது. பதவி விலகிவிடுவோம் என்று பிரதமர் ராபர்ட் பீலின் அரசு மிரட்ட, மே மாதத்தில் அதே சபை அதைத் தோற்கடித்தது. கடைசியில் 1847இல் சட்டம் வந்தபோது ஆஷ்லி சபையிலேயே இல்லை. அதை நிறைவேற்றிக் கொடுத்தவர் ஜான் ஃபீல்டன். அவரே பெரிய பஞ்சாலை முதலாளி என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். வடக்கில் இந்த இயக்கத்தை நடத்திய ரிச்சர்ட் ஓஸ்ட்லர், சாட்லர், ஃபீல்டன், அப்புறம் வடக்கின் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள்: இவர்கள் பெயரையெல்லாம் விட்டுவிட்டு ஷாஃப்ட்ஸ்பரி மட்டுமே வாங்கிக் கொடுத்தார் என்று எழுதுவது நியாயமில்லை.

1842 சுரங்கச் சட்டம் ஏன் அவ்வளவு பரபரப்பை உண்டாக்கியது?

படங்களால். 1838இல் யார்க்ஷயரின் சில்க்ஸ்டோன் பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். 1840இல் ஆஷ்லி கேட்டுக்கொண்டதன் பேரில் குழந்தைத் தொழிலாளர் பற்றி விசாரணை ஆணையம் அமைந்தது. 1842 மே மாதம் வந்த அதன் முதல் அறிக்கையில் வெறும் எழுத்து மட்டும் இல்லை, கோட்டுச் சித்திரங்களும் இருந்தன. இடுப்பில் தோல்வாரும் கால்களுக்கிடையே சங்கிலியும் மாட்டி, இரண்டடி உயரச் சுரங்கப் பாதையில் நான்கு காலில் தவழ்ந்து நிலக்கரித் தொட்டியை இழுக்கும் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அரை நிர்வாணமான ஆண்களுக்கு நடுவே வேலை செய்யும் சிறுமிகளும் இருந்தார்கள். வீட்டில் கரி போட்டுக் குளிர்காய்ந்த கனவான்கள் அதுவரை இதைப் பார்த்ததில்லை.

அந்த அறிக்கையில் சாரா கூடர் என்ற எட்டு வயதுச் சிறுமியின் வாக்குமூலம் இருக்கிறது. கௌபர் சுரங்கத்தில் காற்றுக் கதவைத் திறந்து மூடுவது அவள் வேலை. கரித்தொட்டி வரும்போது திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே, இறங்கிவிடுவாள். களைப்பில்லை, ஆனால் விளக்கில்லாமல் இருட்டில் உட்கார வேண்டும், பயமாக இருக்கிறது என்கிறாள். வெளிச்சம் இருந்தால் சில நேரம் பாடுவாளாம், இருட்டில் பாடத் துணிவு வராதாம். அரசாங்க அறிக்கை ஒன்றில் இதற்கு மேல் ஒரு குழந்தை என்ன சொல்லிவிட முடியும்?

ஜூன் 7 அன்று ஆஷ்லி சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். காமன்ஸ் சபை நெகிழ்ந்துபோனது. பிரபுக்கள் சபை அவ்வளவு எளிதில் நெகிழவில்லை. டர்ஹாம் சுரங்கங்களின் முதலாளியான லண்டன்டெரி பிரபு கடுமையாக எதிர்த்தார். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்கள் கூடாது என்று ஆஷ்லி கேட்டதைப் பத்து வயதாகக் குறைத்துவிட்டார்கள். பெண்களும் சிறுமிகளும் நிலத்தடியில் வேலை செய்வது முழுவதும் தடையானது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வேலை இழந்த பெண்களுக்கு மாற்று வேலையோ இழப்பீடோ சட்டத்தில் இல்லை. பல குடும்பங்களில் அந்தக் கூலி இல்லாமல் அடுப்பு எரிவதே சிரமமானது.

அவருடைய சொந்த மாவட்டத்தில் நிலைமை எப்படி?

இந்தக் கேள்வியை அவருடைய எதிரிகள் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கேட்டது சரிதான்.

இங்கிலாந்திலேயே கூலி மிகக் குறைந்த மாவட்டங்களில் டார்செட் ஒன்று. அந்த மாவட்டத்தின் டால்படில் கிராமத்தில் வாரக் கூலி ஏழு ஷில்லிங்காகக் குறைந்தது. அதை எதிர்த்துச் சங்கம் சேர்ந்த ஆறு பேரை, ரகசியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று குற்றம் சாட்டி 1834இல் ஏழாண்டு நாடு கடத்தினார்கள். ஆஷ்லி அப்போது அந்த மாவட்டத்தின் உறுப்பினர்.

1843இல் விவசாய வேலையில் பெண்கள், குழந்தைகள் பற்றிய ஓர் அரசு அறிக்கை வந்தது. அதில் டார்செட்டின் ஸ்டவர்பெயின் கிராமத்துக் குடிசை ஒன்றின் வரைபடம் உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறை, கூரை ஓலை, ஒன்றேகால் அடிச் சன்னல், மூன்று கட்டில். ஒன்றில் தாய், தந்தை, இரண்டு கைக்குழந்தைகள். அடுத்ததில் இருபது வயது இரட்டையரும் ஏழு வயதுத் தங்கையும். மூன்றாவதில் நான்கு பையன்கள். மொத்தம் 11 பேர். கட்டிலுக்குக் கட்டில் திரைகூட இல்லை.

அடுத்த ஆண்டு ஆலை மசோதா விவாதத்தில், பஞ்சாலை முதலாளியும் உறுப்பினருமான ஜான் பிரைட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். லங்காஷயர் ஆலைகளின் குறையைத் தோண்டுகிற ஆஷ்லி தன் ஊர் உழவர்களைப் பார்க்க மாட்டாரா என்றார். பிரைட்டின் நோக்கம் சுத்தமானதல்ல, அவர் ஆலைச் சட்டத்தைத் தடுக்கப் பார்த்தார். ஆனால் கேள்வி கேள்விதான்.

ஆஷ்லி பக்கமும் ஒரு பதில் உண்டு. நிலம் அப்போது அவருடையதல்ல, தந்தையுடையது. 1843 நவம்பரில் ஸ்டர்மின்ஸ்டர் ஊரில் நடந்த வேளாண் சங்க விருந்தில், உழவர்களின் கூலியையும் வீட்டையும் சரிசெய்யுங்கள் என்று நிலச்சுவான்தார்களிடமும் பண்ணையாளர்களிடமும் அவர் நேரடியாகவே பேசினார். அதைக் கேட்டுத் தந்தைக்கு வந்த கோபத்தில் மகனுக்கு வீட்டு வாசல் அடைபட்டது. மாவட்டத்து நிலச்சுவான்தார்களும் முகம் சுளித்தார்கள்.

1846இல் ஏன் பதவி விலகினார்?

வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி விதித்து உள்நாட்டு விலையைத் தூக்கி நிறுத்திய தானியச் சட்டங்களை நீக்கப் பீல் முடிவு செய்தார். நிலவுடைமையாளர்களின் வருமானம் அந்தச் சட்டங்களை நம்பித்தான் இருந்தது. அவற்றைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் டார்செட் மக்கள் ஆஷ்லிக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவரோ நீக்குவதுதான் சரி என்ற முடிவுக்கு வந்துவிட்டார். நம்பிக்கையை மீறி ஓட்டுப் போடுவது தவறு என்று ஜனவரி கடைசியில் இடத்தைத் துறந்தார். பத்து மணி நேர மசோதா கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நேரம் அது. 1847இல் பாத் நகரத் தொகுதியில் வென்று திரும்பினார்.

நிலம் கைக்கு வந்த பிறகு என்ன செய்தார்?

1851 ஜூனில் தந்தை இறந்தார். விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸ் கிராமத்தில் உள்ள மாளிகை, பண்ணைகள், குடிசைகள், கூடவே கடன்கள், எல்லாம் வந்தன. போய்ப் பார்த்த குடிசைகள் அழுக்கும் நெரிசலுமாக இருந்தன. அவர் பல ஆண்டாக மேடையில் கண்டித்த அதே நிலை. நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதுகிறார்: செலவழிக்கிற ஒவ்வொரு ஆறு பென்ஸும் கடன் வாங்கியது.

இங்கே அந்த ஊர் நில அமைப்பைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். நிலச்சுவான்தார் தாமே பயிர் செய்வதில்லை. பெரிய குத்தகைதாரர்களிடம் பண்ணைகளை விட்டிருப்பார். உழவர்களுக்குக் கூலி கொடுப்பது குத்தகைதாரர். ஆகவே வீட்டை நிலச்சுவான்தார் மாற்றலாம், கூலியை மாற்றச் சொல்லி வற்புறுத்தத்தான் முடியும்.

கூலியைப் பணமாகத் தராமல் பொருளாகக் கொடுக்கும் வழக்கத்தை அவர் தம் நிலத்தில் நிறுத்தினார். தோட்டத்தோடு புதுக் குடிசைகள் கட்டினார், பழையவற்றைப் பழுது பார்த்தார். பள்ளிக்கூடம் கட்டினார், கோவிலைப் புதுப்பித்தார், வயல்களில் வடிகால் போட்டார். வாடகையில் அந்தப் பணம் திரும்பி வராது. கடன் மேல் கடன் ஏறியது. போதாக்குறைக்கு அவர் முழுவதும் நம்பிய காரியஸ்தர் கணக்கில் ஏமாற்றினார். 1860களில் அவரை நீக்கி, வழக்குக்கு அலைந்து, அதிலும் பணம் போனது. லண்டனில் கூட்டம் கூட்டமாக ஏழைகள் உதவி கேட்டு வந்த மனிதர், கடன்காரர்களை நினைத்துத் தூக்கமில்லாமல் இருந்தார்.

சரி, அவர் நல்ல நிலச்சுவான்தாரா? முயன்றவர். பக்கத்துப் பண்ணைகளோடு ஒப்பிட்டால் நல்லவர். ஆனால் ஆலைக்காரனைச் சட்டத்தால் கட்டிப்போட வேண்டும், ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்னவர், நிலச்சுவான்தார் விஷயத்தில் மட்டும் மனசாட்சியை நம்பினார். உழவனுக்கு வேலை நேரச் சட்டம் வேண்டும் என்று அதே வேகத்தில் அவர் போராடவில்லை. அவருடைய சொந்த அனுபவமே அதற்கு எதிரான சாட்சி. இவ்வளவு மனசாட்சி உள்ள ஒருவரால்கூடத் தன் விருப்பத்தை மட்டும் வைத்து 17,000 ஏக்கரைச் சரிசெய்ய முடியவில்லையே.

தொழிலாளர்கள் கடைசிவரை அவரை நம்பினார்களா?

1850இல் ஒரு விரிசல் விழுந்தது. ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தி ஆலையை நாள் முழுவதும் ஓட்டும் தந்திரத்தை முதலாளிகள் கண்டுபிடித்தார்கள், நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. அதை அடைக்க அரசு ஒரு சமரசம் சொன்னது: வேலை காலை 6 முதல் மாலை 6 வரைக்குள், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி போகப் பத்தரை மணி நேரம், சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு முடிவு. தொழிலாளர்களைக் கேட்காமல் ஆஷ்லி ஒப்புக்கொண்டார். துரோகம் என்று வடக்கில் கொதித்தார்கள். அந்த அரை மணி நேரத்தை மீட்க 1874 ஆனது. ஆனால் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை சட்டத்தில் ஏறியது இந்தச் சமரசத்தில்தான்.

புகைபோக்கிச் சிறுவர்கள்?

வீட்டுப் புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றிச் சுத்தம் செய்யும் கொடுமைக்கு எதிராக 1840, 1864 என்று சட்டங்கள் வந்தும் யாரும் மதிக்கவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைபோக்கியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் மூச்சுத் திணறி இறந்தான். அந்த ஆண்டே ஷாஃப்ட்ஸ்பரி கொண்டுவந்த சட்டம், இந்தத் தொழில் செய்வோர் காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றது. வழக்கம் ஒழிந்தது.

அவர் ஜனநாயகவாதியா?

இல்லவே இல்லை. ஓட்டுரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்தார். 1867இல் நகரத் தொழிலாளர்களுக்கு ஓட்டு தருவதையும் எதிர்த்தார். ஏழையைக் காப்பது மேலே இருப்பவன் கடமை, ஆளுவதும் அவன் வேலை என்பது அவர் எண்ணம். தொழிற்சங்கங்கள் மேல் அவருக்குச் சந்தேகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தபால் கூடாது என்று சண்டை போட்டவர். அதே மனிதர் 1848இல் லண்டன் திருடர்கள் சுமார் 400 பேர் அழைத்தார்கள் என்று அவர்கள் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, திருந்தி வாழ வழி கேட்டவர்களைக் கடல் கடந்து குடியேற உதவினார். தெருப்பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகளின் சங்கத்துக்கு நாற்பது ஆண்டு தலைவராகவும் இருந்தார்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா?

உண்டு, நல்லதும் கெட்டதும். 1828இல் இந்திய விவகாரங்களைக் கவனித்த வாரியத்தில் சிறிய பதவி வகித்தார். 1843இல், இந்தியாவில் விளைந்து சீனாவுக்குப் போன அபினி வியாபாரத்தைக் கண்டித்துக் காமன்ஸ் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார்.

1857 கிளர்ச்சியின்போது நடந்துகொண்ட விதம் அவருக்குப் பெருமை சேர்ப்பதல்ல. வெள்ளைக்காரப் பெண்கள் மூக்கும் காதும் அறுபட்டுக் கல்கத்தாவுக்கு வருவதாக, கவர்னர் ஜெனரலின் மனைவி எழுதிய கடிதத்தைக் கண்ணால் கண்டதுபோல் பொதுக்கூட்டத்தில் சொன்னார். அந்தக் கடிதத்தைத் தாம் பார்க்கவில்லை என்று பின்னர் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதற்குள் அந்தப் பேச்சு பழிவாங்கும் வெறிக்கு எண்ணெய் ஊற்றிவிட்டது.

1870களில் பம்பாய் ஆலைகளின் குழந்தைகளுக்காகப் பிரபுக்கள் சபையில் பேசினார். பம்பாய்ப் போட்டியைக் கண்டு பயந்த மான்செஸ்டர் முதலாளிகளும் அதே சட்டத்தைத் தங்கள் லாபத்துக்காகக் கேட்டார்கள். அவருடைய கரிசனம் உண்மையானது, அவர்களுடையது வேறு. 1881இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் கீழ் வேலை கூடாது, 12 வயது வரை நாளுக்கு ஒன்பது மணி நேரம். இயந்திர சக்தியில் ஓடும், 100 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கு மட்டும். பெரியவர்களுக்கு நேர வரம்பே இல்லை.

குடும்பம்?

1830இல் எமிலி கௌப்பரை மணந்தார். வீட்டில் மின்னி என்று கூப்பிடுவார்கள். எமிலியின் தாயார் பின்னாளில் பிரதமர் பாமர்ஸ்டனை மறுமணம் செய்துகொண்டார், அதனால் பாமர்ஸ்டன் மாமனார் முறை. பத்துப் பிள்ளைகள். பதினாறு வயதில் இறந்த மகன் ஃபிரான்சிஸின் இழப்பு அவரை உலுக்கியது. 1872இல் மின்னி போனபின் மிகவும் தனித்துப்போனார்.

ஏன் அமைச்சர் ஆகவில்லை?

கேட்டார்கள், மறுத்தார். 1841இல் பத்து மணி நேர மசோதாவுக்குப் பீல் உறுதி தராததால் அரசவைப் பதவி வேண்டாம் என்றார். 1866இல் டார்பி பிரபு தந்த அமைச்சரவை இடத்தையும் ஏற்கவில்லை. அரசில் சேர்ந்தால் வாயைக் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

லண்டன் பிக்கடிலி சிலை அவருடையதா?

அவருக்கானது, அவர் உருவம் அல்ல. 1893இல் திறந்த ஷாஃப்ட்ஸ்பரி நினைவு நீரூற்று அது. மேலே நிற்கும் சிறகுள்ள அலுமினிய உருவத்தை எல்லோரும் ஈராஸ், அதாவது கிரேக்கக் காதல் கடவுள், என்கிறார்கள். சிற்பி ஆல்ஃபிரெட் கில்பர்ட் செய்தது ஈராஸின் தம்பி ஆன்டிராஸை. பக்கத்தில் தொடங்கும் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவும் அவர் பெயரில்தான்.

எங்கே அடக்கம் செய்தார்கள்?

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். அங்கே பெரிய ஆராதனை நடந்தது, வழிநெடுக ஏழைகள் திரண்டு நின்றார்கள். ஆனால் அவர் விருப்பப்படி உடல் விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸுக்குத்தான் போனது. மாளிகையை அடுத்த கிராமக் கோவிலில் கல்லறை இருக்கிறது.